அந்தச் சிவப்பு யார்?

மெட்டுகுடா, செகந்திராபாத்
9 ஜூலை 2023

கர்த்தருக்குள் அன்பான டோரிஸ் மதினிக்கு,

ஜெமிமா எழுதுவது. ஆண்டவர் தயவில் இங்கே நாங்கள் சுகமாக இருக்கிறோம். உங்கள் முட்டுவலி எப்படி இருக்கிறது? அங்கே காற்றுக் காலம் ஆயிற்றே, கால் குடையும். எண்ணெய் தேய்க்க மறக்காதீர்கள்.

‘போனில் பேசினால் உங்க ரெண்டு பேருக்கும் சண்டை வருது, பேப்பர்ல எழுதுங்க, அதுல சத்தம் போட முடியாது’ என்று எங்கள் பெர்லின் கல்யாணத்துக்கு அப்புறம் உங்கள் தம்பி சொன்னது நல்லதுக்குத்தான் போலிருக்கிறது. இந்த விஷயத்தைப் போனில் சொல்லியிருந்தால் நான் கத்தியிருப்பேன்.

மார்ச்சில் சனத்நகர் கம்பெனியிலிருந்து ரிட்டையர் ஆனவர் ஃபேனைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தார் என்று முன்பு எழுதினேன் அல்லவா? அதைப் பொறுக்காமல் பெர்லின் தன் அப்பாவை ஓவிய வகுப்பில் சேர்த்துவிட்டாள். தார்நாகாவில், ரிட்டையர் ஆன சயின்டிஸ்ட் ஒருவர் வீட்டு அவுட்ஹவுஸில், ஷோபா என்று ஒரு டீச்சர் நடத்துகிறார். கடையில் வாங்கின கலர் அங்கே கூடாதாம். மண், மரப்பட்டை, பழத்தோல், இரும்புத் துரு, இவைதான் கலர். வீடு, மரம், முகம் என்று எதையும் வரையவும் கூடாதாம். மனதில் இருப்பதை அப்படியே துணியில் போட வேண்டுமாம்.

போன வாரம் ஒரு சாக்குத் துணியைச் சுருட்டிக்கொண்டு வந்தார். விரித்தால் ஓரத்தில் மாதுளம்பழத் தோலின் மஞ்சள், நடுவில் கரி. “இது என்னங்க?” என்றேன். “தெரியல” என்றார். “யாரை நெனச்சுப் போட்டீங்க?” என்றேன். சிரித்தார். இந்தச் சிரிப்பை இத்தனை வருஷத்தில் நான் பார்த்ததில்லை மதினி.

இன்னொன்று. ஞாயிற்றுக்கிழமை கோயில் விட்டு வந்ததும் பால்கனியில் நடந்துகொண்டே உங்களோடு பேசுவாரே, அப்போது உங்களிடம் ஊர்த் தேரியின் சிவப்பு மண் கேட்டது என் காதில் விழுந்தது. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஹைதராபாத்தில் மண்ணுக்கா பஞ்சம்? நான் வாங்கிக் கொடுக்க மாட்டேனா? வீண் சிரமம் உங்களுக்கு எதற்கு? நக்கோ மதினி, அனுப்பாதீர்கள்.

அன்புள்ள,
ஜெமிமா

நாசரேத்
24 ஜூலை 2023

அன்பு ஜெமிமாவுக்கு,

நீயும் தம்பியும் பெர்லின் குடும்பமும் சகல நன்மைகளோடும் இருக்கும்படி தினமும் ஜெபிக்கிறேன். உன் கடிதம் வந்து சேர்ந்தது. மூட்டுவலி என்று எழுத வேண்டும். முட்டுவது மாடு. முப்பது வருஷம் தமிழ் வாத்திச்சியாக இருந்தவளுக்கு இதைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை, கோபித்துக்கொள்ளாதே.

மண்ணை அனுப்ப வேண்டாம் என்று நீ எழுதியது வந்தபோது மண் போய்விட்டது. நம் சபையைச் சேர்ந்த தனசிங், தன் மகளைப் பார்க்க ஹைதராபாத் வருகிறார். அவர் பெட்டியில் வைத்து அனுப்பியிருக்கிறேன். குதிரைமொழித் தேரிக்கு ஆட்டோ பிடித்துப் போனேன். கண்ணுக்கெட்டிய மட்டும் சிவந்த மணல் மேடு, நடுவில் ஒற்றைக் குடையோடு நான். மேல்மண், ஒரு முழம் தோண்டி எடுத்த மண், ஓரத்து வெளிறிய மண் என்று மூன்று பையில் கட்டியிருக்கிறேன். தம்பி கேட்டு நான் இல்லை என்றது கிடையாது.

அந்தச் சாக்குப் படம் என்னவென்று அவன் உனக்குச் சொல்லவில்லையா? ஆச்சரியமாக இருக்கிறது. என்னிடம் சொன்னான். நம்பிச் சொன்னதைக் காகிதத்தில் எழுதுவது சரியல்ல என்பதால் நிறுத்திக்கொள்கிறேன்.

உன் பிரஷர் மாத்திரையை விடாமல் சாப்பிடு.

உன் மதினி,
டோரிஸ்

மெட்டுகுடா
13 ஆகஸ்ட் 2023

அன்பான மதினிக்கு,

இங்கே எல்லோரும் நலம். உங்கள் மூட்டுவலி (பாருங்கள், திருத்திக்கொண்டேன்) குறைந்ததா?

மண் வந்து சேர்ந்தது. அன்றிலிருந்து என் வீட்டில் சிவக்காத இடம் இல்லை. பால்கனித் தரை, வாஷ்பேசின், அவருடைய பனியன் எல்லாம் சிவப்பு. என் டீ வடிகட்டியை எடுத்து மண் சலிக்கிறார். கிறிஸ்மஸ் பலகாரத்துக்கு வைத்திருக்கும் பெரிய பாத்திரத்தில் புளியங்கொட்டை மாவைக் காய்ச்சிப் பசை பண்ணுகிறார். துரு ஆணிகளைக் காடித் தண்ணீரில் ஊறப்போட்டு அதில் கடுக்காய்த் தூளைக் கலந்தால் நல்ல கறுப்பு வருகிறது. அதைப் பார்த்துச் சின்னப்பிள்ளை மாதிரி கைதட்டுகிறார். நான் மட்டன் தால்ச்சா வைத்தால் அவர் கைதட்டினதில்லை.

இப்போது ஒரு பெரிய படம் தொடங்கியிருக்கிறார். கதவளவு சாக்கு. முழுக்க உங்கள் மண்தான். ஒரு பக்கம் மட்டும் கறுப்பு வழிகிறது.

நீங்கள் எழுதினீர்களே, உங்களிடம் சொன்னார் என்று. என்னிடமும் சொல்லிவிட்டார். அந்தச் சிவப்பு நான்தான் மதினி. கோயில் பாட்டுக் குழுவில் முதல்முதலாக அவர் என்னைப் பார்த்தபோது நான் சிவப்பு ஃபுல்வாயில் சேலைதான் கட்டியிருந்தேன். அவர் நேராக அப்படிச் சொன்னார் என்று இல்லை. பெண்டாட்டிக்குச் சில விஷயம் சொல்லாமலே தெரியும்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புள்ள,
ஜெமிமா

நாசரேத்
3 செப்டம்பர் 2023

ஜெமிமாவுக்கு,

நான் சுகம். உங்கள் சுகத்துக்கு எழுது.

சேலையைப் பற்றி எழுதியிருந்தாய். தேரி மண்ணைப் போட்டால் படம் சிவப்பாகத்தானே வரும்? அதற்கு முன்னால் அவன் அந்தச் சிவப்பை எங்கே பார்த்தான் என்று யோசி.

எனக்கு ஒன்பது வயது, அவனுக்கு நாலு. அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தாள். சித்தி வீட்டுக்குப் போகத் தேரியைக் கடக்க வேண்டும். உச்சி வெயில். அவனை இடுப்பில் தூக்கிக்கொண்டே கடந்தேன். என் இரண்டு பாதமும் கொப்புளித்துப்போயின. அவன் காலில் ஒரு மணல் படவில்லை. அது அவனுக்கு நினைவிருக்கிறது என்று எனக்குத் தெரியும். இதற்கு மேல் உன்னோடு வாதாட விருப்பமில்லை.

அந்த ஷோபா டீச்சருக்கு என்ன வயது? கல்யாணமானவளா? நான் கேட்டதாக யாரிடமும் சொல்லாதே.

டோரிஸ்

மெட்டுகுடா
29 அக்டோபர் 2023

அன்பான மதினிக்கு,

தாமதமாக எழுதுகிறேன், மன்னியுங்கள். ஊரெல்லாம் காய்ச்சல். எனக்கும் ஒரு வாரம் படுக்கை. இப்போது தேவலை. நீங்கள் சுகம்தானே?

நீங்கள் கேட்டதற்காகப் போகவில்லை. அவர் டிபன் பாக்ஸை மறந்துவிட்டுப் போய்விட்டார், கொடுக்கத்தான் தார்நாகா போனேன். இங்கே பூக்களை அடுக்கிக் கும்பிடுகிற பதுகம்மா பண்டிகை முடிந்த சமயம். வகுப்பில் எல்லோரும் ஆவாரம்பூவைக் குவித்து வைத்து அரைத்துக்கொண்டிருந்தார்கள். ஷோபாவுக்கு நாற்பத்தைந்து இருக்கும். புருஷன் பேங்கில் வேலை. கையெல்லாம் சேறு, தலைமுடி கிராப். அந்தப் பயம் உங்களுக்கு வேண்டாம்.

எனக்கு வேறு பயம் வந்தது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஷோபா கேட்கிறார்: “எட்வின் சார், ஈ ரோஜு ஏம் பாதா?” இன்றைக்கு என்ன வருத்தம் என்று, டீயா காப்பியா என்று கேட்கிற மாதிரி. இவர் சிரித்துக்கொண்டே, “பாத லேது மேடம், கோபம் உந்தி” என்கிறார். வருத்தம் இல்லை, கோபமாம்! யார் மேல்? என்னிடம் ஒருநாளும் கோபம் என்று சொன்னவர் இல்லை. அங்கே யார் யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள், அவர்களுக்கு நடுவில் கோபத்தைப் பெயர் சொல்லி எடுத்து வைக்கிறார். டிபனை வாசலில் இருந்த பெண்ணிடம் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

மறுநாள் ஒரு தப்பு நடந்துவிட்டது. பாத்ரூமில் வாளியில் ஒரு சாக்குத் துணி ஊறிக்கொண்டிருந்தது. அழுக்குத் துணி என்று நினைத்து சோப்புப் போட்டு, பிரஷ்ஷால் தேய்த்துத் துவைத்துவிட்டேன். பிரித்துக் காயப்போடும்போதுதான் பார்த்தேன், அந்தப் பெரிய படம். துரு ஏறுவதற்காக ஒரு பாதியை ஊறப்போட்டிருக்கிறார். மறுபாதி மடித்து மேலே கிடந்தது, நான் கவனிக்கவில்லை. துவைத்த பாதியில் மண்ணும் போயிற்று, கறுப்பும் போயிற்று. வெறும் சாக்கு, கொஞ்சம் கறையோடு.

திட்டுவார் என்று நின்றேன். திட்டவில்லை. கொடியில் கிடந்ததையே பார்த்துக்கொண்டு பால்கனியில் உட்கார்ந்திருந்தார். சாப்பிடக் கூப்பிட்டால் “இரு” என்றார். எனக்குத் தெரியாது மதினி. அழுக்குத் துணி என்றுதான் நினைத்தேன்.

ஜனவரியில் இவர்கள் வகுப்பெல்லாம் சேர்ந்து கண்காட்சி வைக்கிறார்கள்.

அன்புள்ள,
ஜெமிமா

நாசரேத்
12 நவம்பர் 2023

அன்பு ஜெமிமாவுக்கு,

உன் காய்ச்சல் விட்டது கேட்டு ஸ்தோத்திரம். கொஞ்ச நாளைக்குத் தலைக்குத் தண்ணீர் விடாதே.

தேரி மண்ணை ஈரத்தில் தொட்டால் கையெல்லாம் சிவப்பாகும். வாளித் தண்ணீரும் சிவந்திருக்கும். நான் அந்த மண்ணில் வளர்ந்தவள், என்னிடம் அழுக்குத் துணி என்று எழுதாதே. உன்னைக் கண்டிக்க இதை எழுதவில்லை. அந்த வாளிக்கு முன்னால் நான் இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று யோசித்துப் பார்த்தேன். சரி, அது போகட்டும்.

தம்பியின் போன் பழுதா? சில ஞாயிறாக மணி அடிக்கவில்லை. கோயிலிலிருந்து நான் சீக்கிரமே வந்துவிடுகிறேன், அதனால் தவறவிட வழியில்லை. வேலை இருக்கும். நான் விசாரித்ததாகச் சொல்லாதே.

ஜனவரிக்கு நான் வருகிறேன். பள்ளிக்கூடத்தில் என்னோடு வேலை பார்த்த டீச்சரின் மகன் டிக்கெட் எடுத்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறான். படத்துக்கு முன்னால் நின்றால் எனக்குத் தெரிந்துவிடும்.

உன் மதினி,
டோரிஸ்

மெட்டுகுடா
3 டிசம்பர் 2023

அன்பான மதினிக்கு,

ஆண்டவருடைய தயவால் இங்கே சுகம். குளிர் தொடங்கிவிட்டது. வரும்போது ஸ்வெட்டரும் கம்பளி சாக்ஸும் எடுத்து வாருங்கள். ஹால் பக்கத்து அறையை உங்களுக்கு ஒழித்து வைக்கிறேன். வெஸ்டர்ன் டாய்லெட் இருக்கிறது, உங்கள் மூட்டுக்குச் சிரமம் இருக்காது.

போன் நன்றாகத்தான் இருக்கிறது. கோயில் விட்டதும் வீட்டுக்குக்கூட வராமல் நேராகத் தார்நாகா போய்விடுகிறார். அவர் உங்களிடம் பேசுவதில்லை என்று தெரிந்ததும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது மதினி. மறைக்க விரும்பவில்லை. நீங்களும் அவரும் அந்தப் பால்கனியில் சிரித்துச் சிரித்துப் பேசுவதைச் சமையலறையிலிருந்து இத்தனை வருஷம் கேட்டிருக்கிறேன். ஆனால் அந்தச் சந்தோஷம் சாயங்காலம் வரைக்கும்கூட நிற்கவில்லை. என்னிடமும் அவர் பேசுவதில்லையே.

பெர்லின் வந்திருந்தாள். நான் புலம்பியதைக் கேட்டுவிட்டு, “க்யா மம்மி, கோணிச் சாக்கு மேலயா பொறாமை?” என்று சிரித்தாள். அவளுக்கு எப்படிச் சொல்வது? நான் துவைத்த அந்தச் சாக்கை அவர் தூக்கிப் போடவில்லை. அதையேதான் இன்னும் வைத்து வேலை செய்கிறார். வெறுமையாகிப்போன பாதியில் எதையும் போடாமல் அதன் விளிம்பில் மட்டும் ஊசி நூலோடு உட்கார்ந்திருக்கிறார்.

வாருங்கள். ரெண்டு பேரும் சேர்ந்தே பார்ப்போம்.

அன்புள்ள,
ஜெமிமா

நாசரேத்
6 ஜனவரி 2024

அன்பு ஜெமிமாவுக்கு,

புத்தாண்டு உங்கள் வீட்டுக்குச் சமாதானத்தைத் தரட்டும்.

என்னால் வர முடியவில்லை. கிறிஸ்மஸ் ஆராதனை முடிந்து இறங்கும்போது கோயில் படியில் விழுந்துவிட்டேன். எலும்பு முறியவில்லை. ஆனால் முழங்கால் பானை மாதிரி வீங்கியிருக்கிறது. ரயில் பயணம் கூடவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். தம்பியிடம் சளி என்று சொல்லியிருக்கிறேன், நீயும் அப்படியே சொல். கண்காட்சி நேரத்தில் அவன் மனம் கலங்கக் கூடாது.

ஒரு உதவி செய். நீ போய் அந்தப் படத்துக்குப் பக்கத்தில் நில். யாராவது அவனிடம் கேட்பார்கள், அவன் சொல்லாமல் இருக்க முடியாது. சொல்வதை அப்படியே எனக்கு எழுது. அது நீயாக இருந்தாலும் எழுது. முன்பு என்னிடம் சொன்னான் என்று நான் எழுதியிருந்தேனே, அதை மனதில் வைத்துக்கொள்ளாதே. அது ஒரு கோபத்தில் எழுதியது.

உன் மதினி,
டோரிஸ்

மெட்டுகுடா
30 ஜனவரி 2024

அன்பான மதினிக்கு,

கால் எப்படி இருக்கிறது? வீக்கம் வடிந்ததா?

கண்காட்சி நல்லபடியாக முடிந்தது. கூட்டம் வந்தது. சமோசாவும் டீயும் கொடுத்தோம். பெர்லின் போட்டோ எடுத்திருக்கிறாள், அனுப்புவாள். வேறு விசேஷம் இல்லை.

ஜெமிமா

நாசரேத்
14 பிப்ரவரி 2024

அன்பு ஜெமிமாவுக்கு,

வீக்கம் வடிந்துவிட்டது. கோலூன்றி நடக்கிறேன்.

நாலு பக்கம் எழுதுகிறவள் நாலு வரி எழுதியிருக்கிறாய். புரிந்துகொண்டேன். அது நீதான். என்னை நோகடிக்க வேண்டாம் என்று நீ மூடி வைத்திருக்கிறாய். அந்த இரக்கம் எனக்கு இன்னும் அதிகமாக வலிக்கிறது. அவனுக்கு இத்தனை வருஷம் ஆக்கிப் போட்டவள் நீ. உரிமை உனக்குத்தான், நான் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் தூக்கிச் சுமந்தவளுக்கு அதில் ஒரு மூலைகூடவா இல்லாமல் போயிற்று?

பெர்லின் அனுப்பிய போட்டோவைப் பக்கத்து வீட்டு அம்மணியின் போனில் பெரிதாக்கிப் பார்த்தேன். சிவப்பு நன்றாக விழுந்திருக்கிறது.

கீழே இரண்டு வரியை அடித்திருக்கிறேன். வெளிச்சத்தில் பிடித்துப் படிக்க முயலாதே.

டோரிஸ்

மெட்டுகுடா
25 பிப்ரவரி 2024

என் பிரியமான மதினிக்கு,

நீங்கள் எழுந்து நடப்பது கேட்டுச் சந்தோஷம். கோலை விட்டுவிடாதீர்கள்.

அந்த இரண்டு வரியை நான் படிக்க முயலவில்லை. ஆனால் இனி உங்களிடம் மறைக்கவும் மாட்டேன். நீங்கள் நினைத்ததுபோல் இல்லை. உட்கார்ந்து படியுங்கள்.

சயின்டிஸ்ட் வீட்டு வராந்தாவில் அவருடைய படத்தைத் தொங்கவிட்டிருந்தார்கள். எல்லோரும் அதற்கு முன்னால்தான் நின்றார்கள். நான் டீத் தட்டோடு பின்னால் நின்றேன். கல்பகம் என்று ஒரு லெக்சரர், நம் தமிழ்க்காரர்தான், இவரிடம் கேட்டார்: “சார், இந்தப் பக்கம் இவ்வளவு சிவப்பு. அந்தப் பக்கம் ஏன் ஒண்ணுமே இல்ல?”

நான் தட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

“என் வொய்ஃப் தெரியாம துவைச்சிட்டாங்க” என்றார் இவர். எல்லோரும் சிரித்தார்கள். “அப்பத்தான் எனக்கு வேண்டியது கெடச்சுது. அதுவரைக்கும் அதை எப்படிப் போடறதுன்னு எனக்குத் தெரியல.”

“வேண்டியதுன்னா என்ன சார்?”

இவர் படத்தைத் திரும்பிப் பார்த்தார். அப்புறம் சொன்னார். அவர் சொன்னபடியே எழுதுகிறேன்.

“கம்பெனில ஷிஃப்ட் முடிஞ்சதும் ஃபத்தேநகர் ஸ்டேஷனுக்கு வருவேன்மா. செகந்திராபாத் வண்டி வரும். ஏற மாட்டேன். அடுத்ததும் வரும். அதையும் விட்டுருவேன். பெஞ்சுல சும்மா உக்காந்திருப்பேன். ஒண்ணும் நெனைக்க மாட்டேன். அந்த நேரத்துல நான் யாருக்கும் அப்பா இல்ல, புருஷன் இல்ல, தம்பி இல்ல, ஃபோர்மேன் இல்ல. வருஷக்கணக்கா அப்படி. ரிட்டையர் ஆனதும் அந்த பெஞ்சு போச்சு. அதுதான் இந்த வெத்திடம்.”

அந்த அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஷோபா இவர் தோளைத் தட்டினார். நான் டீயை எல்லோருக்கும் கொடுத்து முடித்தேன் மதினி. ஒரு சொட்டு சிந்தவில்லை.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதே கேட்டேன். “அப்போ ஓவர்டைம்னு நான் சோறைச் சூடு பண்ணிப் பண்ணி வெச்சேனே?”

“ஹவ், ஆமா” என்றார். தலை குனிந்திருந்தது.

“வேற யாராச்சும் அங்க வந்தாங்களா?”

“யாரும் வரல ஜெமி. யாரும் இல்லங்கறதுதான் விஷயமே.”

“என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?”

“சொன்னா நீயும் பக்கத்துல வந்து உக்காந்திருப்ப.”

உண்மைதான் மதினி, நான் உட்கார்ந்திருப்பேன். டிபன் கட்டிக்கொண்டு போய் உட்கார்ந்திருப்பேன்.

“அக்காகிட்டயாவது சொன்னீங்களா?” என்றேன்.

“அக்கா அழுதிருவா. உனக்கு என்ன கொறைன்னு கேப்பா.”

கடைசியாக அதையும் கேட்டேன், உங்களுக்காகவும் எனக்காகவும். “சரி, அந்தச் சிவப்பு யாருங்க?”

அவருக்குக் கேள்வியே புரியவில்லை. “யாரா? அது மண்ணு ஜெமி. நல்ல கலரு” என்றார்.

ஒரு பெண்ணாக இருந்திருந்தால் போய் முடியைப் பிடித்து இழுத்திருப்பேன். ஒரு ரயில்வே பெஞ்சை நான் என்ன செய்வேன் மதினி? மழை பெய்கிற நாளில் வண்டி லேட்டோ என்று வாசலில் நின்றிருக்கிறேன். பெர்லின் பிறந்து ஒரு மாதமே ஆன சமயத்தில், அவளைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றிருக்கிறேன். அந்த நாட்களிலும் அங்கே உட்கார்ந்திருந்தாரா என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. பதில் தெரிந்துவிடுமே என்று இருந்தது. அந்த நாலு வரிக் கடிதத்தை உங்களுக்கு எழுதியபோது இதையெல்லாம் எழுத எனக்குக் கை வரவில்லை. அது நான்தான் என்று ஒரு பொய் எழுதிவிடலாமா என்றுகூட இருந்தது. நீங்கள் நம்பியிருப்பீர்கள்.

ஒருவர் அந்தப் படத்தை விலைக்குக் கேட்டார். இவர் கொடுக்கவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து சுருட்டி அலமாரி மேல் வைக்கப் போனார். நான்தான் பிடுங்கி, ஹாலில் ஆணி அடித்து மாட்டினேன். “உனக்குக் கஷ்டமா இருக்கும்” என்றார். “இருக்கட்டும்” என்றேன்.

உங்களிடம் சொல்லிவிட்டேன். வேறு யாரிடம் சொல்வேன்?

உங்கள்,
ஜெமிமா

நாசரேத்
24 மார்ச் 2024

என் அருமை ஜெமிமாவுக்கு,

இந்த வருஷம் குருத்தோலை ஞாயிறுக்குக் கோலில்லாமல் கோயிலுக்குப் போய் வந்தேன். உன் பிரஷர் எப்படி இருக்கிறது? சமாதானத்தோடு இரு என்று எழுதத்தான் நினைத்தேன். எனக்கே அது இல்லாதபோது உனக்கு எப்படி எழுதுவது? அதனால்தான் இத்தனை நாள் பதில் போடவில்லை.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு முதலில் உன்மேல்தான் கோபம் வந்தது. அவனைக் கட்டிக்கொண்டவள் நீ, அவனுக்கு ஒரு பெஞ்சு தேவைப்படுகிற அளவுக்கு என்ன செய்தாய் என்று கேட்க நினைத்தேன். அப்புறம் ‘தம்பி இல்ல’ என்றும் அவன் சொல்லியிருக்கிறானே என்பதைப் பார்த்தேன். புருஷன் இல்லை என்ற அதே மூச்சில் அதையும் சொல்லியிருக்கிறான். அந்த வரியைப் பலமுறை படித்தேன். என்னிடமிருந்தும்தான் அவன் போய் உட்கார்ந்திருக்கிறான். நானோ அறுநூறு மைலுக்கு அப்பால் இருந்தேன்.

போன ஞாயிறு அவன் போன் செய்தான். “அக்கா, நானே வந்து மண்ணு எடுக்கணும்னு இருக்கு. ஈஸ்டர் முடிஞ்சு ஒரு பத்து நாள் அங்க இருக்கட்டா?” என்றான்.

“ஜெமிமாவும் வருதாளா?” என்றேன்.

“நான் மட்டுந்தாங்க்கா” என்றான். என் மனம் குதித்தது ஜெமிமா, உன்னிடம் சொல்வதற்கு என்ன. பத்து நாள் என் தம்பி எனக்கு மட்டும். கருவாட்டுக் குழம்பு, தோசை என்று மனதுக்குள் ஆக்கத் தொடங்கிவிட்டேன். அப்போது அவன், “நீ எனக்காவ ஒண்ணும் ஆக்கிப் போட வேண்டாங்க்கா. நான் பாட்டுக்குத் தேரியில இருந்துக்கிடுதேன்” என்றான்.

எனக்கு விளங்கிவிட்டது. அழவில்லை. அவன் எதிர்பார்த்தபடி நான் அழுதுவிடக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். “ஏல, நீ வந்து தாராளமா இரி. நான் செகந்திராபாத்துக்குப் போறேன். சாவிய அம்மணிகிட்ட குடுத்துட்டுப் போறேன்” என்றேன்.

சிரித்தான். நீ முதல் கடிதத்தில் எழுதியிருந்தாயே ஒரு சிரிப்பு, அதுவாகத்தான் இருக்க வேண்டும். பாரம் இறங்கினவன் மாதிரி சிரித்தான். அறுபது வருஷத்தில் நானும் கேட்டதில்லை. நான் அவன் வரும்போது வீட்டில் இருக்க மாட்டேன் என்று சொன்னதற்கு அப்படி ஒரு சிரிப்பு.

ஆகவே ஈஸ்டர் முடிந்த வாரம் வருகிறேன். தரையில் உட்கார முடியாது, எனக்கு ஒரு நல்ல நாற்காலி போடு. அந்தப் படத்துக்கு எதிரே போடாதே. பக்கவாட்டில் போடு.

இங்கே அம்மணி ரொம்ப விவரமானவள். தேரிப் பக்கம் தினமும் ஆடு ஓட்டிக்கொண்டு போகிறவள். இவன் எங்கே உட்காருகிறான், எவ்வளவு நேரம் உட்காருகிறான் என்று சாயங்காலம் ஒரு போன் போட்டுச் சொல் என்று அவளிடம் கேட்க வாய் வரை வந்துவிட்டது. கேட்கவில்லை. இப்போதும் கேட்டுவிடலாம். நீ என்ன நினைக்கிறாய் என்று உடனே எழுது. வேண்டாம் என்றால் விட்டுவிடுகிறேன். கேள் என்று நீ எழுதினாலும் உன்னைத் தப்பாக நினைக்க மாட்டேன்.

பிரியமுள்ள,
டோரிஸ்